1700-ஐ 300-ஆல் வகுத்தால் மீதி 2-ஆ, 200-ஆ?

#1 தாமிரபரணி

அனைவருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 200 வினாக்களில் 25 திறனறிவுக் கணக்குகள் என்பதால் அந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. பயிற்சி மையம் ஒன்று கொடுத்த வினா விடைத் தொகுப்பில் இரண்டு விடைகள் உறுத்துகின்றன.

ஒன்று: 1700-ஐ 300-ஆல் வகுக்கும்போது கிடைக்கும் மீதி என்ன? இரண்டு எண்களிலும் கடைசி இரண்டு பூஜ்ஜியங்களை அடித்துவிட்டு, 17 ÷ 3 என்று வைத்து, ஈவு 5, மீதி 2 என்று போட்டிருக்கிறார்கள். நான் எதையும் அடிக்காமல் நீள்வகுத்தல் செய்தேன். மீதி 200 வருகிறது.

இரண்டு: ஒரு பிரிவில் 40 மாணவர்கள், சராசரி மதிப்பெண் 64. இன்னொரு பிரிவில் 24 மாணவர்கள், சராசரி 72. எல்லோருக்கும் சேர்த்துச் சராசரி என்ன? 64-ஐயும் 72-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 68 என்கிறது தொகுப்பு. மாணவர் எண்ணிக்கையை எதற்காகக் கொடுத்தார்கள் என்றே புரியவில்லை. மையத்தில் கேட்டதற்கு, "சூத்திரம் அதுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்றார்கள்.

விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுண்ணக்கட்டி

தம்பி, இரண்டிலும் தொகுப்புதான் தவறு. மீதி 200. சராசரி 67.

முதல் கணக்கைச் சரிபார்க்க ஆரம்பப் பள்ளியிலேயே ஒரு வழி சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: வகுபடும் எண் = வகுத்தி × ஈவு + மீதி. அவர்கள் விடையைப் போட்டுப் பாருங்கள். 300 × 5 + 2 = 1502. நம்மிடம் இருந்தது 1700. நடுவில் 198 எங்கே போயிற்று? 300 × 5 + 200 = 1700. இதற்கு மேல் வாதம் தேவையில்லை. வகுத்தல் கணக்கு எதுவானாலும் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் பத்து வினாடிகூட ஆகாது.

பூஜ்ஜியத்தை அடிப்பது பாவமில்லை. ஆனால் அடித்தபோது என்ன செய்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும். 1700 என்பது பதினேழு நூறுகள். 300 என்பது மூன்று நூறுகள். பதினேழு நூறுகளில் மும்மூன்று நூறுகளாக ஐந்து தடவை எடுத்த பிறகு மிஞ்சுவது இரண்டு நூறுகள். அந்த 2 வெறும் இரண்டல்ல, நூறுதாள் இரண்டு. 1700 ரூபாயை நீட்டி 300 ரூபாய் டிக்கெட் ஐந்து வாங்குகிறீர்கள். கவுன்டரில் இருப்பவர் பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு இரண்டு ரூபாயை மட்டும் திருப்பிக் கொடுத்தால் சும்மா வந்துவிடுவீர்களா?

ஆகவே எத்தனை பூஜ்ஜியம் அடித்தோமோ, அத்தனையையும் மீதிக்குத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஈவுக்குச் சேர்க்கக் கூடாது. இந்தப் பாதி விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சராசரிக் கணக்கைச் சாயங்காலம் எழுதுகிறேன். அதற்குள் வேறு யாராவது எழுதினால் மகிழ்ச்சி.

#3 வைகைக்கரை

ஐயா, மன்னிக்கவும், இதை அப்படியே ஏற்க முடியவில்லை. 1700/300 என்பதும் 17/3 என்பதும் ஒரே பின்னம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுத்தால் பின்னத்தின் மதிப்பு மாறாது என்றுதான் இருக்கிறது. கால்குலேட்டரில் போட்டாலும் இரண்டுக்கும் 5.666 என்றே வரும். ஒரே மதிப்புக்கு இரண்டு வேறு மீதிகள் எப்படி இருக்க முடியும்? ஒரு கணக்குக்கு ஒரு விடைதானே? விடைத் தொகுப்பை எழுதியவர்களும் யோசிக்காமலா எழுதியிருப்பார்கள்?

#4 கணக்குப்பிள்ளை

யோசித்திருந்தால் 1502-ஐப் பார்த்திருப்பார்கள்.

வைகைக்கரை, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நீங்கள் சொன்னதில் ஒரு பாதி முழுக்கச் சரி: பின்னம் ஒன்றுதான். 5-க்குப் பிறகு நிற்கும் 0.666 என்பது மூன்றில் இரண்டு பங்கு. 2/3 என்றாலும் 200/300 என்றாலும் அதே அளவு. ஆனால் மீதி என்பது அந்தப் பங்கு அல்ல. பங்கின் மேலே இருக்கும் எண் மட்டும். கீழே 3 இருந்தால் மேலே 2. கீழே 300 இருந்தால் மேலே 200. வகுத்தியைச் சொல்லாமல் மீதியை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே கிடையாது. பதின்மப் புள்ளிக்குப் பின்னால் வருவதை மீதி என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

கடைக் கால்குலேட்டரில் மீதி கண்டுபிடிக்க நான் செய்வது: 1700 ÷ 300 போட்டால் 5.6666666 என்று காட்டும். அதிலிருந்து 5-ஐக் கழித்தால் 0.6666666. அதை 300-ஆல் பெருக்கினால் 199.99998. பதறாமல் 200 என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எட்டு இலக்கத்துக்கு மேல் அந்தப் பெட்டியால் வைத்துக்கொள்ள முடியாததால் வரும் சிறு குறை அது. இதைவிட நல்ல வழி, முழு ஈவான 5-ஐ 300-ஆல் பெருக்கி 1700-லிருந்து கழிப்பது. புள்ளியே வராது.

#5 வைகைக்கரை

"வகுத்தியைச் சொல்லாமல் மீதிக்குப் பொருள் இல்லை" என்றது விளங்கியது. சரி, 200.

#6 நிரலாளன்

கணினியில் இதே விஷயத்துக்கு இன்னொரு கிளை உண்டு. வகுபடும் எண் குறை எண்ணாக இருந்தால் மீதி என்ன?

எடுத்துக்காட்டாக, இன்று புதன்கிழமை. 17 நாள்களுக்கு முன்பு என்ன கிழமை? −17-ஐ 7-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். பைத்தான் மொழியில் மீதி 4 என்று வரும், ஏனெனில் அது ஈவை −2 ஆக்காமல் −3 ஆக்குகிறது: 7 × (−3) + 4 = −17. சி மொழியில் ஈவு −2, மீதி −3: 7 × (−2) + (−3) = −17. சுண்ணக்கட்டி ஐயாவின் சரிபார்ப்பு வரியில் இரண்டுமே தேறும்! ஆனால் புதனிலிருந்து நான்கு நாள் முன்னோக்கி எண்ணினாலும் ஞாயிறு, மூன்று நாள் பின்னோக்கி எண்ணினாலும் ஞாயிறு. ஆகவே கிழமையும் தேறும். சிக்கல் எங்கே வரும் என்றால், கிழமைகளின் பெயர்களை 0 முதல் 6 வரை அடுக்கி வைத்துவிட்டு, −3-ஆவது கிழமையைக் கொடு என்று சி மொழியில் கேட்கும்போது. நினைவகத்தில் அந்த இடத்துக்கு முன்னால் என்ன குப்பை கிடக்கிறதோ அதைக் கொண்டுவந்து கொடுக்கும். ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொரு மொழிக்கு மாற்றுகிறவர்கள் இதில் மாட்டாமல் இருப்பது அரிது.

#7 சுண்ணக்கட்டி

அதற்குத்தான் பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம் என்று வைத்திருக்கிறார்கள். மீதி பூஜ்ஜியமாக இருக்கலாம், அல்லது மிகை எண்ணாக இருக்கலாம். வகுத்தியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை வைத்தவுடன் ஒரே ஒரு ஈவும் ஒரே ஒரு மீதியும்தான் தேறும். −17-க்கு மீதி 4. தேர்வில் கேட்டால் 4 என்றே எழுதுங்கள்.

நிபந்தனை இல்லாவிட்டால் 1700 = 300 × 4 + 500 என்றும் எழுதலாம். தவறென்று சொல்ல முடியாது. வகுத்தலை முடிக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

#8 பலகைக்கல்

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மீதியைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். கண்டுபிடித்த மீதியை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 13 வயது மாணவர்களிடம் நாடு தழுவிய தேர்வில் ஒரு கணக்குக் கேட்டார்கள். ஒரு இராணுவப் பேருந்தில் 36 பேர் ஏறலாம். 1128 வீரர்களை அழைத்துச் செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்?

1128 ÷ 36: ஈவு 31, மீதி 12. ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இந்த வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று விடை எழுதியவர்கள் 23 விழுக்காடுதான். 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றே எழுதி வைத்தார்கள். இன்னும் 18 விழுக்காட்டினர் 31 என்று எழுதினார்கள், அதாவது 12 வீரர்களைச் சாலையோரம் நிறுத்திவிட்டார்கள்.

நான் வகுப்பில் இந்த ஒரே வகுத்தலை வைத்து நான்கு கேள்வி கேட்பேன். எத்தனை பேருந்து வேண்டும்? 32. எத்தனை பேருந்து முழுதாக நிரம்பும்? 31. கடைசிப் பேருந்தில் எத்தனை பேர்? 12. 1128 லிட்டர் எண்ணெயை 36 கடைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு கடைக்கு எவ்வளவு? 31 லிட்டரும் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கும். எண்கள் மாறவே இல்லை, விடைகள் நான்கு. பிள்ளைகள் முதலில் "டீச்சர் ஏமாற்றுகிறார்" என்று கத்துவார்கள். பிறகு அவர்களே இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கேட்பார்கள்.

#9 கணக்குப்பிள்ளை

தாமிரபரணியின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. சுண்ணக்கட்டி ஐயா சாயங்காலம் என்றார். எந்த நாள் சாயங்காலம் என்று சொல்லவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

சராசரி என்பது மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தது. எனவே சராசரியைப் பார்த்தவுடன் மொத்தத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். 40 பேர், சராசரி 64: மொத்தம் 2560. 24 பேர், சராசரி 72: மொத்தம் 1728. இரண்டும் சேர்ந்து 4288. மாணவர்கள் 64 பேர். 4288 ÷ 64 = 67.

மனக்கணக்காகச் செய்ய இன்னொரு வழி: எல்லோருக்கும் 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பேரிடம் மட்டும் ஆளுக்கு 8 கூடுதலாக இருக்கிறது, மொத்தம் 192. அதை 64 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 3. ஆக 67. தேர்வறையில் நான் இதைத்தான் செய்வேன். பெரிய எண்களைப் பெருக்க வேண்டியதில்லை.

68 எப்போது சரியாக வரும்? இரண்டு பிரிவிலும் ஒரே எண்ணிக்கை இருந்தால் மட்டும். அந்த மையத்தின் "சூத்திரம்" அந்த ஒரு நிலைமைக்கு உரியது.

#10 தாமிரபரணி

மிக்க நன்றி அண்ணா. மாணவர் எண்ணிக்கையே கொடுக்காமல் இரண்டு சராசரிகளை மட்டும் கொடுத்துக் கேட்டால் என்ன செய்வது?

#11 கணக்குப்பிள்ளை

64-க்கும் 72-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. "தரவு போதாது" என்று ஒரு விடைத்தெரிவு இருந்தால் அதைக் குறியுங்கள்.

இதன் இரட்டைப் பிறவி வேகக் கணக்கு. போகும்போது மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது 40 கி.மீ., சராசரி வேகம் என்ன? 50 என்று கை தானாகவே குறிக்கப் போகும். தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். 240 கி.மீ. தூரத்துக்கு 5 மணி நேரம், சராசரி 48. மெதுவாக வந்த பயணத்தில் அதிக நேரம் சாலையில் இருந்தோம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. தூரத்தை எவ்வளவு என்று வைத்தாலும் 48-தான் வரும்.

#12 மட்டைவீச்சு

சராசரி என்று பேச்சு வந்த பிறகு ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிராட்மேனை இழுக்காமல் இருக்க முடியுமா? மீதியும் சராசரியும் ஒரே இடத்தில் கைகுலுக்குவது அவர் கணக்கில்தான்.

டெஸ்ட் போட்டிகளில் அவர் எடுத்த ஓட்டங்கள் 6996. விளையாடிய இன்னிங்ஸ் 80, அதில் 10 முறை ஆட்டமிழக்கவில்லை. ஆக 70-ஆல் வகுக்க வேண்டும். ஈவு 99, மீதி 66. மீதி 70 ஆகியிருந்தால் ஈவு 100-க்கு ஏறியிருக்கும், நான்கு குறைந்துவிட்டது. உலகமே பேசும் அந்த நான்கு ஓட்டம் இதுதான். பதின்மத்தில் 99.94.

1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல் மைதானம், அவருடைய கடைசி டெஸ்ட். களமிறங்கும்போது 69 முறை ஆட்டமிழந்து 6996 ஓட்டங்கள், சராசரி 101.39. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே ஓட்டம் ஏதுமின்றி போல்டு. மேலே இருக்கும் எண் ஒன்றும் மாறவில்லை, கீழே 69 மட்டும் 70 ஆனது. அந்த ஒன்று சராசரியை 100-க்குக் கீழே தள்ளிவிட்டது. ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றதால் இரண்டாவது முறை ஆட வாய்ப்பும் வரவில்லை. அன்று ஓட்டமே எடுக்காமல், ஆட்டமிழக்காமலும் நின்றிருந்தால் 101.39 அப்படியே இருந்திருக்கும்.

#13 வைகைக்கரை

இதைத்தான் நான் என்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. 80 முறை ஆடியவருக்கு 70-ஆல் வகுப்பது என்ன நியாயம்? 80-ஆல் வகுத்தால் 87.45. "சராசரியாக ஓர் இன்னிங்ஸுக்கு 99.94" என்று நாளேடுகளில் எழுதுவது பொய்.

#14 மட்டைவீச்சு

அப்படி எழுதினால் பொய்தான். சரியாக எழுத வேண்டுமானால், "ஒரு முறை ஆட்டமிழப்பதற்குள் சராசரியாக 99.94" என்று எழுத வேண்டும். கேள்வி வேறு, வகுத்தியும் வேறு. ஆட்டமிழக்காமல் நிற்பவரின் ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்ட ஆட்டம். அதை முடிந்த ஆட்டமாக எண்ணுவதும் அநியாயம்தானே?

ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு சாட்சி தருகிறேன். 1999 உலகக் கோப்பையில் தென் ஆப்பிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர் 281 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமிழந்தது இரண்டே முறை. சராசரி 140.5. அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்தில் அவர் எடுத்த அதிகபட்சம் எவ்வளவு தெரியுமா? 52! அதிகபட்சத்தைவிடப் பெரிய சராசரி.

#15 தாமிரபரணி

சராசரி எப்போதும் சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையில்தான் இருக்கும் என்று படித்தேனே? அது இங்கே உடைகிறதே?

#16 சுண்ணக்கட்டி

உடையவில்லை. கூட்டிய எண்கள் எத்தனையோ, அந்த எண்ணிக்கையால் வகுத்தால் அந்த விதி என்றைக்கும் நிற்கும். கிரிக்கெட் சராசரியில் கூட்டுவது எல்லா இன்னிங்ஸையும், வகுப்பது ஆட்டமிழந்த முறைகளால் மட்டும். அது உண்மையில் ஒரு விகிதம். வழக்கத்தால் சராசரி என்று அழைக்கிறோம். தேர்வுக் கணக்கில் விடை, கொடுத்த எண்களில் மிகப்பெரியதைத் தாண்டினால் உடனே அடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

#17 முத்துநகர்

தூத்துக்குடிக்காரனாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்வதைவிட அதிகம். அதையே 365 நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு 2.6 மி.மீ.; குடைகூடத் தேவைப்படாத தூறல். "ஆண்டு சராசரியைவிட இவ்வளவு விழுக்காடு கூடுதல்" என்று செய்தியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு அந்த வரி எதையும் சொல்லாது.

மழைக்குச் சராசரியோடு ஒரு நாளின் அதிகபட்சத்தையும் பக்கத்திலேயே போட வேண்டும். வடிகால் கட்டுகிறவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண்தான்.

#18 பஞ்சாங்கம்

இங்கே மீதி ஒரு பக்கம், சராசரி ஒரு பக்கம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து உருவாக்கிய ஒன்று உங்கள் சுவரிலேயே தொங்குகிறது: நாள்காட்டி.

பூமி சூரியனைச் சுற்றிப் பருவங்கள் திரும்பி வர 365.2422 நாள் ஆகிறது. நாளைத் துண்டாக வெட்டி ஆண்டில் சேர்க்க முடியாது. ஆண்டு 365 ஆக இருக்கலாம், 366 ஆக இருக்கலாம், இடையில் ஒன்றுமில்லை. அப்படியானால் எந்த ஓர் ஆண்டும் சரியாக இராது. சராசரியை மட்டும்தான் சரிசெய்ய முடியும்.

ஜூலியஸ் சீசர் காலத்து ஏற்பாடு: நான்கால் வகுத்து மீதி இல்லாத ஆண்டெல்லாம் 366. சராசரி 365.25. வித்தியாசம் ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் சொச்சம்தான். ஆனால் நூற்றாண்டுகள் கடந்தபோது அது நாள்களாகக் குவிந்துவிட்டது. 1582-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாள்களை நீக்கினார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. மறுபடி குவியாமல் இருக்க விதியைத் திருத்தினார்கள்: 100-ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல, ஆனால் 400-ஆலும் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டுதான். அதனால் 1900-இல் பிப்ரவரிக்கு 28 நாள், 2000-இல் 29, வரப்போகும் 2100-இல் மறுபடி 28. 400 ஆண்டில் 97 லீப் ஆண்டுகள். மொத்தம் 146097 நாள். 400-ஆல் வகுத்தால் சராசரி 365.2425.

விதி முழுவதும் மீதியைப் பார்க்கிறது, கிடைப்பது சராசரி. எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது.

இன்னொன்று. 146097 ஏழால் மீதியின்றி வகுபடும் (7 × 20871). ஆகவே 400 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சுப் பிசகாமல் திரும்பி வரும். அந்த 400 ஆண்டில் 4800 மாதங்கள். எனவே 13-ஆம் தேதி 4800 முறை வரும். ஏழு கிழமைக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 685.71. அப்படி வரவே முடியாது, ஏனெனில் 4800-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. யாருக்காவது கூடத்தான் வேண்டும், யாருக்காவது குறையத்தான் வேண்டும். கூடுதலாக வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? வெள்ளிக்கிழமை! 688 முறை. வியாழனுக்கும் சனிக்கும் 684. மேல்நாட்டார் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் பயப்படுகிறார்கள். அது அரிதாக வருவதாக எண்ணமும் உண்டு. கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது.

#19 பலகைக்கல்

பஞ்சாங்கம் ஐயா, தமிழ் ஆண்டுப் பெயரையும் மீதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்களே, அந்த வழி தெரியுமா? வகுப்பில் சொல்லிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

#20 பஞ்சாங்கம்

எளிது அம்மா. அறுபது ஆண்டுச் சுழற்சி. ஆங்கில ஆண்டை 60-ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து 6-ஐக் கழியுங்கள். பிரபவ முதலாக எண்ணினால் அத்தனையாவது ஆண்டு. 2025: மீதி 45, ஆறு போனால் 39, விசுவாவசு. 1947: மீதி 27, ஆறு போனால் 21, சர்வசித்து. மீதி ஆறைவிடக் குறைவாக இருந்தால் கழித்த பிறகு 60-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 1984: மீதி 4, கழித்தால் −2, 60 கூட்டினால் 58, ரக்தாட்சி. மீதி சரியாக ஆறாக இருந்தால் பூஜ்ஜியம் வரும். அது அறுபதாவது, அட்சய. 1986 அப்படி.

சித்திரை முதல் தேதிக்குப் பிறகான மாதங்களுக்குத்தான் இது. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்த பிள்ளைகளுக்கு முந்தைய ஆண்டை எடுங்கள். வகுப்பில் செய்யும்போது இதைச் சொல்லாவிட்டால் அடுத்த நாள் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

#21 நிரலாளன்

−2-உடன் 60-ஐக் கூட்டுங்கள் என்றீர்களே, நான் மேலே சொன்ன சி மொழிச் சங்கடத்துக்கு நிரலாளர்கள் செய்யும் வைத்தியம் அதுவேதான். மீதி குறை எண்ணாக வந்தால் வகுத்தியை ஒரு முறை கூட்டிவிடு.

#22 தாமிரபரணி

மையத்தில் இந்த இழையிலிருந்த 1502-ஐக் காட்டினேன். ஆசிரியர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அச்சுப் பிழையாக இருக்கும்" என்றார். 68-க்கு மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. நான் இரண்டு கணக்கையும் என் வழியிலேயே போடப்போகிறேன்.

மீதிக் கணக்கில் கொஞ்சம் கடினமாக ஏதாவது கொடுங்களேன் ஐயா, பழகிப் பார்க்கிறேன்.

#23 சுண்ணக்கட்டி

மிகப் பழைய கணக்கு ஒன்று தருகிறேன். ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலுக்கு முதலாம் பாஸ்கரர் 629-இல் உரை எழுதினார். குட்டகம் என்ற முறையை விளக்க அதில் கொடுத்த எடுத்துக்காட்டு: 8-ஆல் வகுத்தால் மீதி 5, 9-ஆல் வகுத்தால் மீதி 4, 7-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த எண் எது? குட்டகம் தெரிய வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். கணினியைத் தொடக் கூடாது. நிரலாளனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

#24 நிரலாளன்

கையைக் கட்டிக்கொண்டேன்.

#25 தாமிரபரணி

பெரிய வகுத்தியிலிருந்து தொடங்கினேன். 9-ஆல் வகுத்து மீதி 4 வரும் எண்கள்: 4, 13, 22, 31, 40, 49, 58, 67, 76, 85... இவற்றில் 8-ஆல் வகுத்து மீதி 5 வருவது முதலில் 13. அடுத்தது 72 தள்ளி, 85. 13-ஐ ஏழால் வகுத்தால் மீதி 6, ஆகாது. 85-ஐ ஏழால் வகுத்தால் ஈவு 12, மீதி 1. விடை 85. சரிபார்த்தேன்: 8 × 10 + 5, 9 × 9 + 4, 7 × 12 + 1. மூன்றும் 85.

8, 9, 7 மூன்றையும் பெருக்கினால் 504. அதைக் கூட்டினால் மூன்று மீதிகளும் மாறாது. ஆகவே அடுத்த எண் 589 என்று நினைக்கிறேன்.

#26 சுண்ணக்கட்டி

589 சரி. மிகச் சரி. இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறேன். 9-க்குப் பதில் 6. அதாவது 8-ஆல் மீதி 5, 6-ஆல் மீதி 4, 7-ஆல் மீதி 1. கண்டுபிடியுங்கள்.

#27 வைகைக்கரை

ஐயா, நூற்றுக்கணக்கான எண்கள் வரை எழுதிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. கணக்கே தவறா?

#28 பலகைக்கல்

கிடைக்காது. 8-ஆல் வகுத்து மீதி 5 என்றால் அது ஒற்றைப்படை எண். 6-ஆல் வகுத்து மீதி 4 என்றால் இரட்டைப்படை எண். 8-க்கும் 6-க்கும் 2 பொதுக் காரணியாக இருப்பதால் இந்த மோதல். 8-க்கும் 9-க்கும் அப்படி ஒன்றும் இல்லை, அதனால்தான் பாஸ்கரர் கணக்கில் எந்த மீதியைக் கொடுத்தாலும் விடை உண்டு.

#29 சுண்ணக்கட்டி

டீச்சர் முந்திக்கொண்டார். வைகைக்கரை, 6-ஆல் மீதி 4 என்பதை மீதி 3 என்று மாற்றிக்கொண்டு மறுபடி முயலுங்கள். இந்த முறை 168-க்குள் விடை இருக்கிறது.